ஒட்டகக் கலர் கோட்டும் ஒரு பொட்டு மஞ்சளும்

அஜ்மான்,
அக்டோபர் மாதம்.

அன்பும் மரியாதையும் நிறைந்த மச்சான் பாலகுரு அவர்களுக்கு, உங்கள் தங்கை வீட்டுக்காரன் அழகுமலை வணக்கம் சொல்லி எழுதுவது. இங்கே நானும் நாகவள்ளியும் உங்கள் மருமகள் அருணாவும் ஏசி புண்ணியத்தில் சுகம். அங்கே குவைத் மங்காஃபில் நீங்களும் கனகா அக்காவும் அதே புண்ணியத்தில் சுகமாக இருக்க முருகனை வேண்டுகிறேன். போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பீர்கள். போனில் நீங்கள் பேசுவீர்கள், நான் கேட்பேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து நமக்குள் அப்படித்தான் ஏற்பாடு. இந்த ஒரு விஷயத்தையாவது நான் முழுதாகச் சொல்லி முடிக்க ஆசைப்பட்டு, எழுதி, போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்புகிறேன்.

விஷயம் இதுதான். படிப்பு முடித்தும் வேலை கிடைக்காமல் இருந்த அருணாவுக்கு உங்கள் கம்பெனி கணக்குப் பிரிவில் சொல்லி ஓர் இடம் வாங்கி வைத்தீர்கள். அடுத்த மாதம் குவைத்துக்கு அனுப்பு என்றீர்கள். எத்தனை மாமன்கள் இதைச் செய்வார்கள்? ஆனால் மச்சான், அந்த வேலை வேண்டாம். அவளுக்காக உங்கள் வீட்டில் நீங்கள் ஒழித்து வைத்த அறையும் வேண்டாம். பிள்ளை எங்கள் கண் முன்னாலேயே இருக்கப்போகிறாள். நீங்கள் கோபப்படுவதற்கு முன்னால் நடந்ததைக் கேளுங்கள்.

ஷார்ஜாவில் ஒரு துணிக்கடை. வளைகுடா முழுக்கக் கிளை வைத்திருக்கிறார்கள். எந்தத் துணியோடு எந்தத் துணியைப் போட்டால் எடுப்பாக இருக்கும் என்று சேர்த்து, படம் எடுத்து, கடையின் இன்ஸ்டாகிராமில் போட ஓர் ஆள் வேண்டுமாம். அருணா விண்ணப்பித்தாள். பரீட்சையாக ஒரு பை நிறையத் துணியைக் கொடுத்து, இலையுதிர் காலத்துக்கு இதை உடுத்திக் காட்டு, படத்தோடு துணியையும் பத்திரமாகத் திருப்பிக் கொண்டு வா என்று அனுப்பிவிட்டார்கள். இலையே இல்லாத ஊரில் இலையுதிர் காலம் எப்போது வந்து போகிறதென்று எனக்குத் தெரியாது. ஏசி ரிமோட்டில் ஒரு புள்ளி கூட்டி வைக்கிறோமே, அந்த நாளாக இருக்கலாம். பையைப் பிரித்துப் பார்த்தால் கோட்டு, ஸ்வெட்டர், பேன்ட், நீளக் கவுன், துண்டு மாதிரி ஒன்று, எல்லாம் ஒரே நிறம். மணல் நிறம். எங்கள் கட்டடத்துச் சுவர் நிறம். துடைக்காமல் விட்ட என் காரின் நிறம். இதற்காகவா கடைக்குப் போக வேண்டும், ஜன்னலைத் திறந்து வைத்தால் வெள்ளைச் சட்டையே சாயங்காலத்துக்குள் இந்த நிறத்துக்கு வந்துவிடுமே என்று கேட்டேன். அருணா என்னை உட்கார வைத்துப் பாடம் எடுத்தாள். இதற்குப் பெயர் கேமல் கலராம். இந்த வருஷம் உலகமே இதைத்தான் உடுத்துகிறதாம். இது எதோடும் சண்டை போடாத நிறமாம். ஒரே நிறத்தைத் தலை முதல் கால் வரை போடும்போது ஒன்று கொஞ்சம் வெளுத்தும் ஒன்று கொஞ்சம் கருத்தும் இருக்க வேண்டுமாம். ஒன்று சொரசொரப்பாக இருந்தால் அடுத்தது வழுவழுப்பாக இருக்க வேண்டும், நடுவே காப்பிப்பொடி நிறத்தில் ஏதாவது ஒன்று அழுத்தமாக நிற்க வேண்டுமாம். எனக்குப் புரிந்தது. எதோடும் சண்டை போடாத நிறம் என்ற இடத்தில் உங்கள் தங்கையை ஒரு பார்வை பார்த்தேன்.

அந்தப் பார்வைக்குத்தான் பலன் கிடைத்தது. மறுநாள் காலையில் அருணா குளிக்கப் போனாள். பிள்ளைக்கு முதல் வேலைக்கான துணி, புதுத்துணி, மஞ்சள் தடவாமல் உடம்பில் ஏற்றலாமா என்று நாகவள்ளிக்குத் தோன்றியிருக்கிறது. அத்தனையையும் சாமி படத்துக்கு முன்னால் அடுக்கி, மஞ்சளைக் குழைத்து, ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஒரு பொட்டு வைத்துவிட்டாள். பொட்டு என்று மரியாதைக்குச் சொல்கிறேன். மகளைக் குவைத்துக்கு அனுப்பக் கூடாது என்ற வேண்டுதலையும் சேர்த்துக் குழைத்ததால் கொஞ்சம் தாராளமாகவே விழுந்திருந்தது. கோட்டு உள்துணியில் ஒன்று, கவுன் ஓரத்தில் ஒன்று, ஸ்வெட்டர் கைமடிப்பில் ஒன்று. எதோடும் சண்டை போடாத நிறம் மஞ்சளோடு நன்றாகவே சண்டை போட்டது. அருணா ஈரத் தலையோடு வந்து பார்த்தாள். கத்தவில்லை. சோபாவில் உட்கார்ந்துவிட்டாள்.

"அம்மா, இது நம்ம துணி இல்லம்மா. திருப்பிக் குடுக்கணும்."

நாகவள்ளி முகம் போன போக்கைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. நான் இருக்கிறேன் என்று களத்தில் இறங்கினேன். துணி சோப்பை எடுத்துக் கறை இருந்த இடமாகப் பார்த்துத் தேய்த்தேன். சோப்பு பட்டால் மஞ்சள் சிவக்கும் என்பது எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது மச்சான், எனக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. மஞ்சள் பொட்டுகள் எல்லாம் குங்குமப் பொட்டுகளாகிவிட்டன. நாகவள்ளி அதைச் சகுனம் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நான் குழாயைத் திறந்தேன். தண்ணீர் விட்டு அலசியதில் சிவப்பு இறங்கி மறுபடி மஞ்சள் தெரிந்தது, அதற்குமேல் அசையவில்லை. எங்கள் கட்டடத்தில் பால்கனியில் துணி காயப்போடக் கூடாது. ஆகவே ஈரத் துணியோடு பையைக் காரில் ஏற்றி, தொழில்பேட்டையில் எங்கள் லாரி உதிரிபாகக் கம்பெனி யார்டுக்குப் போனேன். ஓடாத லாரி இரண்டுக்கு நடுவே கயிறு கட்டி எல்லாவற்றையும் விரித்துவிட்டு, கடைக்கு என்ன பதில் சொல்வது என்று யோசித்தபடி டூட்டி பார்த்தேன்.

மத்தியானம் அருணா தன் சிநேகிதி சுகந்தாவோடு வந்து சேர்ந்தாள். சுகந்தா யாழ்ப்பாணத்துப் பிள்ளை, கூடப் படித்தவள், படத்துக்கு நிற்க ஒத்துக்கொண்டவள். மூவருமாகக் கயிற்றருகே போய்த் துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். மஞ்சளைக் காணோம். கோட்டு உள்துணியில் மட்டும் தேடினால் தெரிகிற மாதிரி ஒரு சாயல், மற்றதெல்லாம் சுத்தம். முருகன்தான் துடைத்தான் என்கிறாள் நாகவள்ளி. நான் வெயில் என்கிறேன். வந்த நாளிலிருந்து நான் திட்டித் தீர்த்த வெயில் மச்சான், அன்றைக்குத் தலை நிமிர்ந்து அதற்கு ஒரு கும்பிடு போட்டேன்.

அருணா துணியைப் பார்க்கவில்லை. துணிக்குப் பின்னால் இருந்த துருப்பிடித்த லாரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பூங்காவில் எடுக்க நினைத்தது வேண்டாம், இங்கேயே எடுக்கிறேன் என்றாள். சுகந்தா கவுனும் தோளில் ஸ்வெட்டருமாக லாரிப் படியில் நின்றாள், அம்சமாக இருந்தது. ஆண்கள் கோட்டைப் போட்டு நிற்க வருவதாகச் சொன்ன பையன் வெயிலைப் பார்த்துவிட்டுப் பாதி வழியில் திரும்பிவிட்டானாம். அந்தக் கோட்டை அருணா எனக்கு மாட்டினாள். உள்ளே கம்பெனி யூனிபார்ம், காப்பிப்பொடி நிறம், அப்படியே இருக்கட்டும் அப்பா, பாடத்தில் சொன்ன அழுத்தம் இதுதான் என்றாள். கம்பளிக் கோட்டில் நான் வேர்த்து ஊற்றி நிற்பதைக் கண்டு பக்கத்து கேரேஜ்காரர்கள் எனக்குக் காய்ச்சல் என்று முடிவுகட்டி மாத்திரையும் தண்ணீரும் கொண்டு வந்தார்கள். எங்கள் மெக்கானிக் கௌஸ் முகைதீன், கார்க் கண்ணாடியில் வெயிலுக்கு வைக்கும் வெள்ளித் தட்டியைப் பிடித்து என் முகத்தில் வெளிச்சம் அடித்தார். எனக்கோ முகத்தை எப்படி வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அவர்தான் சொல்லிக்கொடுத்தார்.

"அண்ணே, நாம லீவு கேக்கும்போது முதலாளி பாப்பாருல்ல, அப்படிப் பாருங்க."

பார்த்தேன். அந்தப் படம்தான் மச்சான், கடையில் எல்லாருக்கும் பிடித்துப்போன படம்.

அருணா படங்களோடும் துணிகளோடும் போனபோது கடை மேலாளர், லெபனான்காரப் பெண்மணி, கோட்டைப் புரட்டி உள்ளே இருந்த சாயலைக் கண்டுபிடித்துவிட்டார். இது என்ன என்று கேட்டார். பிள்ளை பொய் சொல்லவில்லை. புதுத்துணிக்கு மஞ்சள் வைப்பது எங்கள் வழக்கம், என் அம்மா நான் ஜெயிக்க வேண்டுமென்று வைத்தாள் என்று சொல்லிவிட்டாள். அந்த அம்மாள் அந்தச் சாயலை விரலால் தடவிப் பார்த்தாராம். பிறகு, தன் தாயும் புதுச் சட்டை எடுத்தால் கண்படாமல் இருக்க உள்பக்கம் ஒரு நீல மணி தைத்துத்தான் கொடுப்பாள் என்று சொல்லி, கோட்டை மடித்துத் தன் மேஜை மேலேயே வைத்துக்கொண்டார். நேற்று, வேலை உனக்குத்தான் என்று போன் வந்தது. நாகவள்ளி அழுதாள். நான் அழவில்லை, கண்ணில் மணல்.

ஆகவே மச்சான், எல்லாருக்கும் நன்றி. பிள்ளைக்கு வழி இல்லாமல் போய்விடக் கூடாதே என்று ஓர் இடம் பிடித்து வைத்த உங்களுக்கு முதல் நன்றி. பின்னால் மாமன் இருக்கிறார் என்ற தைரியத்தில்தான் இத்தனை கூத்தும் அடித்தோம். மஞ்சள் வைத்த கைக்கும், அதை எடுத்த வெயிலுக்கும், தட்டி பிடித்த கௌஸ் பாய்க்கும் நன்றி. கனகா அக்காவுக்கு என் வணக்கமும், உங்கள் வீட்டுக்குக் குறைவில்லாத சந்தோஷமும்.

என்றும் உங்கள் பிரியமுள்ள,
அழகுமலை

பி.கு.: கடிதத்தைப் போட்டோ எடுக்கப் போன நேரத்தில் கடையின் வேலை நியமன ஆர்டர் மின்னஞ்சலில் வந்தது. அருணா படித்துக் காட்டினாள். சம்பளம் சரி, பதவி சரி. வேலை பார்க்கும் இடம், அவர்களுடைய குவைத் கிளை. மங்காஃபிலிருந்து பக்கம்தானாம். பிள்ளை முகத்தில் அவ்வளவு சந்தோஷம் மச்சான், வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாகவள்ளிக்கும் வரவில்லை. எனவே மேலே நான் வேண்டாம் என்று எழுதிய அறையை, வேண்டும் என்று தயவுசெய்து திருத்திப் படிக்கவும். கனகா அக்காவிடம் ஒன்று மட்டும் சொல்லி வையுங்கள். அருணா ஒரு தரம் கூப்பிட்டால் சாப்பிட வரமாட்டாள். இன்னொரு தரம் கூப்பிட வேண்டும்.