மாப்பிள்ளைக்குப் பிடித்த பந்துப் பைத்தியம்

மாப்பிள்ளையின் சட்டைப் பையில் இரண்டு ரயில் டிக்கெட்டுகள் இருந்தன. போக ஒன்று, வர ஒன்று என்றால் செக்கர் பேசாமல் இருந்திருப்பார். இரண்டுமே போகிற டிக்கெட். ஒரே ரயில், ஒரே பெட்டி, பக்கத்துப் பக்கத்து இருக்கை.

முப்பத்திரண்டு வருஷம் பஸ்ஸில் ஏறி, டிக்கெட் வாங்காதவனைக் கழுத்தைப் பிடித்து இறக்கிவிட்டவர் அவர். ஓய்வு பெற்று ஏழு வருஷமாகியும் ‘செக்கர்’ என்ற பெயர் மட்டும் ஓய்வு பெறவில்லை. படிப்பு எட்டாவதோடு சரி. ஆனால் டிக்கெட் எந்த நாட்டு பாஷையில் இருந்தால் என்ன? தேதியும் நேரமும் இருக்கை நம்பரும் எங்கே இருக்கும் என்று அவர் கண்ணுக்குத் தெரியும்.

தேதி இருபத்திரண்டு. வெளிநாட்டு மகள் வீட்டிலிருந்து செக்கர் ஊருக்கு விமானம் ஏறும் நாள் இருபது.

‘நான் கிளம்பின மூணாம் நாள். பலே!’

துவைக்கிற மிஷினுக்குள் போட வேண்டிய சட்டையை மடியில் போட்டுக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். மகளுக்கு வயிற்றில் நாற்பது நாள். இன்னும் யாருக்கும் சொல்லவில்லை. காலையில் குடித்த தண்ணீர்கூட மதியம்வரை தங்குவதில்லை. டாக்டரம்மா எங்கேயும் அசையக் கூடாது என்று சொல்லிவிட்டாள். அப்படியிருக்க, அந்த இரண்டாவது இருக்கை யாருக்கு?

மாப்பிள்ளை ஏ.சி. மெக்கானிக். வெயில் கொளுத்துகிற காலத்தில் அவருக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. காலையில் ஏணியோடு போனால் இருட்டுகிற சமயம்தான் வீடு. அப்படிப்பட்ட ஆளுக்கு லீவு கிடைத்திருக்கிறது என்றால் அதுவே முதல் தப்பு.

சாயங்காலம் மாப்பிள்ளை வந்ததும், “என்ன மாப்பிள்ளை, வெளியூர் பயணம் போல?” என்று விட்டுப் பார்த்தார்.

மாப்பிள்ளை திடுக்கிட்டார். அதைச் செக்கர் குறித்துக்கொண்டார்.

“அது... பந்தாட்டம் மாமா. கடைசி ஆட்டம். நேர்ல பார்க்கணும்னு ஒரு ஆசை.”

“ரெண்டு டிக்கெட் இருக்கே?”

“ஒரு... சிநேகிதர் வர்றார்.”

“பேரு?”

“உங்களுக்குத் தெரியாது மாமா.”

“தெரியாததாலதான கேக்குறேன்.”

மாப்பிள்ளை அவசரமாகக் குளிக்கப் போய்விட்டார். குளிக்கிற அறையில் ரொம்ப நேரம் தண்ணீர்ச் சத்தமே கேட்கவில்லை. அதையும் குறித்துக்கொண்டார்.

மகளிடம் போனார். அவள் சோபாவில் சுருண்டு கிடந்தாள்.

“ஏம்மா, உன் புருஷனுக்கு இந்தப் பந்துப் பைத்தியம் எப்ப பிடிச்சுது?”

“எல்லாருக்கும் பிடிச்சிருக்குப்பா. இந்த மாசம் ஊரே அப்படித்தான இருக்கு.”

அதுவும் உண்மைதான். எதிர்க் கட்டடத்துப் பால்கனி எல்லாவற்றிலும் கொடி தொங்கியது. கறிகாய்க் கடைக்காரன் கூடச் சில்லறை கொடுக்காமல் டி.வி.யைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஆனால் ஊரே ஓடுகிற கூட்டத்தில்தான் டிக்கெட் வாங்காதவன் ஒளிந்துகொள்வான். செக்கருக்கு இது தெரியாதா?

“உன்னைத் தனியா விட்டுட்டுப் போறேங்கிறாரே, உனக்கு ஒண்ணுமில்லையா?”

“நீங்க மட்டும் என்னவாம்?” என்றாள் மகள். “நீங்களும்தான போறீங்க.”

அந்தப் பேச்சு போன வாரமே முடிந்துவிட்டது. அம்மா இருந்தால் அம்மா வந்திருப்பாள், இப்போது நீங்கள்தான் இருக்க வேண்டும் என்று அவள் கேட்டதும், செக்கர் முடியாது என்று சொன்னதும், எல்லாம் ஆயிற்று.

“எனக்கு மருத்துவச்சி வேலை தெரியுமா? இங்க மிஷின் இருக்கு, டாக்டர் இருக்கு. ஊர்ல எதிர்வீட்டுக்காரன்கிட்ட சாவியைக் குடுத்துட்டு வந்திருக்கேன். அவன் முழியே சரியில்லை.”

“அப்புறம் ஏம்ப்பா அவர்கிட்ட குடுத்தீங்க?”

“பக்கத்து வீட்டுக்காரன் அவனைவிட மோசம்.”

மகள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். செக்கர் எழுந்து வந்துவிட்டார். இந்தக் குடும்பத்தில் தான் ஒருத்தன்தான் கண்ணைத் திறந்துகொண்டிருப்பதாக அவருக்குப் பட்டது.

மறுநாள் மாப்பிள்ளையை மடக்க ஒரு வழி கண்டுபிடித்தார்.

“எதுக்கு மாப்பிள்ளை அவ்வளவு தூரம்? வீட்லயே இவ்வளவு பெரிய டி.வி. இருக்கு. சிநேகிதரை இங்க கூப்பிடுங்க. நானும் பார்க்கிறேன்.”

சிநேகிதர் யார் என்று பார்த்துவிடலாம் என்பது கணக்கு. வந்தது ஒருவர் இல்லை, ஆறு பேர். மாப்பிள்ளையோடு ஏணி தூக்குகிறவர்கள். பை பையாகப் பொரித்த பண்டங்களோடு வந்தார்கள். எண்ணெய் வாடை மூக்கில் ஏறியதும் மகள் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள். ஆட்டம் முடிகிறவரை வெளியே வரவில்லை.

“உங்களை யாருப்பா கூட்டத்தைக் கூட்டச் சொன்னது?” என்று உள்ளேயிருந்து அழுதாள்.

ஆனால் அன்றைக்குச் செக்கர் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டார். மாப்பிள்ளை மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதிரணி நீலச் சட்டைக்காரன் கோல் போட்டதும் முதல் ஆளாக எழுந்து குதித்தார். பக்கத்தில் இருந்தவன் தொடையில் கிள்ளினான். மாப்பிள்ளை தொப்பென்று உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார்.

செக்கருக்குப் பந்தாட்டத்தில் ஒரு எழவும் தெரியாது. ஆனால் கண்டக்டரைப் பார்த்துச் சும்மா சிரிக்கிறவன் முகம் தெரியும்.

‘இந்த ஆளுக்குப் பந்துமில்லை, பைத்தியமுமில்லை. பந்து ஒரு போர்வை. போர்வைக்குள்ளே எவளோ ஒருத்தி இருக்கா.’

மகளிடம் சொல்ல முடியுமா? இருக்கிற நிலைமையில் அவள் தாங்குவாளா?

டி.வி. ஒயரை உருவித் தன் பெட்டிக்குள் ஒளித்துவைத்தார். பந்தும் இல்லை, கூட்டமும் இல்லை, போர்வையைப் பிடுங்கியாயிற்று என்று நிம்மதியாக உட்கார்ந்தார். மாப்பிள்ளை டி.வி.யைத் தட்டிப் பார்த்தார். பின்னால் எட்டிப் பார்த்தார். கோபப்படவே இல்லை.

“பரவாயில்லை மாமா. நான் கீழ் வீட்ல போய்ப் பார்த்துக்கிறேன்.”

கீழ் வீட்டில் இருப்பது நம் பாஷை பேசுகிற நர்ஸம்மா. அவள் புருஷன் லாரி ஓட்டுகிறவன். மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டான். மாப்பிள்ளை அவளை ‘அக்கா’ என்பார். எங்கே அக்கா, தங்கச்சி என்று சத்தமாகக் கூப்பிடுகிறார்களோ அங்கே இரண்டு தடவை சோதனை போட வேண்டும் என்பது செக்கர் சர்வீசில் கற்றது.

ஐந்து நிமிஷம் விட்டுப் பூனை மாதிரி படியிறங்கினார். கதவில் காதை வைத்தார்.

“நாளைக்கும் வாங்க தம்பி. இன்னும் எவ்வளவோ பாக்கி இருக்கு” என்றாள் நர்ஸம்மா.

“மாமா கண்டுபிடிச்சுட்டா?” மாப்பிள்ளையின் குரல்.

“இருபதாம் தேதி தாண்டுற வரைக்கும் ஜாக்கிரதையா இருந்துக்கங்க.”

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. குனிந்தபடியே நின்றார்.

“ஐயா, என்ன இங்க?”

“பி... பிரஷர் பார்க்கலாம்னு வந்தேம்மா.”

நர்ஸம்மா விடவில்லை. உள்ளே உட்காரவைத்துக் கையில் பட்டையைச் சுற்றினாள். மாப்பிள்ளை மூலையில் நின்று நகத்தைக் கடித்தார். பிரஷர் நூற்றெழுபதில் நின்றது. நிற்காமல் என்ன செய்யும்?

“ரொம்ப ஏறியிருக்கு. மனசுல எதையும் போட்டுக் குழப்பிக்காதீங்க ஐயா. பேசாம ஊருக்குப் போய் நிம்மதியா இருங்க.”

‘என்னை அனுப்புறதுல உனக்கு எவ்வளவு அவசரம்டி அம்மா!’

அவள் மகளுக்கும் ஃபோன் செய்துவிட்டாள். அன்றிலிருந்து செக்கர் தட்டில் உப்பு இல்லை. கண்டுபிடிக்கப் போனவருக்குத் தண்டனை, திருடனுக்கு மூன்று வேளையும் ருசியான சாப்பாடு.

பொறுக்க முடியாமல் ரயில் டிக்கெட்டுகளை நாலாகக் கிழித்துக் குப்பையில் போட்டார். மாப்பிள்ளை அதைப் பார்த்துவிட்டுப் புன்னகை செய்தார்.

“காகிதம்தான மாமா. எல்லாம் ஃபோன்ல இருக்கு.”

அதோடு நின்றாரா? பதினெட்டாம் தேதியே செக்கரின் பெட்டியைத் தானே எடுத்து அடுக்க ஆரம்பித்தார். உள்ளே டி.வி. ஒயர் கிடந்தது. மரியாதையாகச் சுருட்டி வெளியே வைத்தார்.

“இருபதாம் தேதி காலையிலயே ஏர்போர்ட்டுக்குப் போயிடலாம் மாமா.”

“விமானம் ராத்திரிதான?”

“முன்னாடியே போயிட்டா நல்லதில்லையா?”

யாருக்கு நல்லது? செக்கருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. காவல்காரன் வாசலைத் தாண்ட வேண்டியதுதான் பாக்கி. கூடம் முழுக்க அடைத்து நிற்கிற அந்த நாட்டுப் பெரிய அலமாரிகளுக்கு நடுவே மகள் ஒரு துணிமூட்டை மாதிரிக் கிடந்தாள். எதிர்வீட்டுக்காரன் வீட்டைப் பெயர்த்துக்கொண்டே போகட்டும். இவள் வாழ்வை எவளுக்கோ விட்டுக்கொடுத்துவிட்டுப் போக முடியாது.

யாருக்கும் சொல்லாமல் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு, நாலு தெரு தள்ளியிருந்த டிக்கெட் ஆபீசுக்கு நடந்தார். கவுன்ட்டரில் இருந்த பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. செக்கருக்கு அவள் பாஷை தெரியாது. காகிதத்தில் ஒரு விமானம் வரைந்து அதன் மேல் பெருக்கல் குறி போட்டார். அவள் காலண்டரைக் காட்டி எப்போது என்று கேட்டாள். செக்கர் வயிற்றுக்கு முன்னால் கையை வைத்துப் பெரிய வட்டம் காட்டினார். அவள் அவருடைய தொப்பையைக் கவலையோடு பார்த்தாள். பிறகு தொட்டில் ஆட்டிக் காட்டினார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விசா ஒரு வருஷத்துக்கு இருந்தது. டிக்கெட் அடுத்த மே மாதத்துக்குப் போய்விட்டது.

வீட்டுக்கு வந்து நடுக்கூடத்தில் நின்று அறிவித்தார்.

“நான் ஊருக்குப் போகலை. பிள்ளை பிறந்து தலை நிக்கிற வரைக்கும் இங்கதான். எவர் எங்க போறார்னு நானும் பார்க்கிறேன்.”

மகள் ஓவென்று அழுதுவிட்டாள். எழுந்து வந்து அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். மாப்பிள்ளை நாற்காலியில் சரிந்தார்.

“மாமா... அப்போ என் பயணம்?”

“போங்க. போய்ப் பாருங்களேன், தைரியமிருந்தா.”

“சரி மாமா. போகலை” என்று மாப்பிள்ளை சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழட்டும் என்று செக்கர் விட்டுவிட்டார். பிடிபட்டவன் அழுவது புதுசா?

பாக்கி இருந்தது ஒருத்திதான். மார்பை நிமிர்த்திக்கொண்டு கீழே இறங்கினார். நர்ஸம்மா டியூட்டிக்குக் கிளம்பிக் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தாள்.

“ஏம்மா, ஒரு சேதி சொல்லிட்டுப் போக வந்தேன். நான் இனிமே இங்கதான். என் மாப்பிள்ளை இந்தப் படியிறங்கி வர்ற வேலையெல்லாம் இன்னியோட முடிஞ்சுது.”

நர்ஸம்மா பூட்டை விட்டுவிட்டு இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டாள்.

“அப்பாடா, அந்த மனுஷனுக்கு இனிமே நான் பந்தாட்டம் சொல்லித் தர வேண்டாம், நீங்க இருக்க முடியாதுன்னு சொன்ன அன்னிக்கே உங்க பொண்ணு சொல்லிச்சு ஐயா, ‘எங்கப்பாவை இருங்கன்னு கெஞ்சினா கிளம்பிடுவாரு, சந்தேகப்பட வெச்சா பிரசவம் முடியிற வரைக்கும் அசையமாட்டாரு’ன்னு!”