இடது கண்ணின் வெற்றிச் செய்தி

ஹடப்சர், புனே.

மகாகனம் பொருந்திய, கோவை மோட்டார் பம்ப் கடை அதிபர் முகுந்த் மாமா அவர்களின் சமூகத்துக்கு, அக்கா மகன் ஷ்ரேயஸ் தலைதாழ்த்தி எழுதுவது. இங்கு நானும் அம்மாவும் நலம். ஜெர்மனியில் அப்பா நலம். அங்கு உங்கள் நலமும், அத்தை நலமும், உங்கள் குறட்டையின் நலமும் அறிய ஆவல்.

இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், ஸ்டீராய்டு மாத்திரையின் பேருதவியால் என் கன்னங்கள் நேற்று வடாபாவ் பன் அளவைத் தாண்டிவிட்டன. வகுப்பில் பாராட்டு விழா நடத்துவது பற்றிப் பேச்சு நடக்கிறது.

மற்றபடி கவலைப்பட ஒன்றுமில்லை மாமா. தினமும் நீங்கள் போன் போட்டு, "ஒரு வருசப் படிப்பு போனாப் போகுதுங்க்கா, அடுத்த வாரம் நானே வந்து பையனைக் கூட்டிக்கறேன்" என்று அம்மாவிடம் சொல்வது ஸ்பீக்கரில் தெரு வரை கேட்கிறது. அந்த ரயில் டிக்கெட்டை ரத்து செய்யச் சொல்லத்தான் இக்கடிதம். போனில் சொன்னால் என்னை எங்கே பேச விடுகிறீர்கள்?

நடந்தது இதுதான். போன மாதம் இடது கண்ணை உருட்டினாலே வலித்தது, அப்புறம் சிவப்பு பஸ் வெளுத்துத் தெரிந்தது, அப்புறம் பஸ்ஸே தெரியவில்லை. பார்வை நரம்பில் வீக்கம் என்றார் டாக்டர். என் உடம்பின் காவல்படையே ஆள் தெரியாமல் என் நரம்பை அடித்திருக்கிறது. அடித்தது எந்தக் கோஷ்டி என்று ரத்தத்தைப் பார்த்துத்தான் சொல்வார்களாம். 'மாக்' ஆன்டிபாடி என்றால் கதவை உடைத்துக்கொண்டு வரும், ஆனால் ஸ்டீராய்டைக் கண்டால் அடங்கிவிடும், பெரும்பாலும் பார்வை திரும்பிவிடும். மாத்திரையை அவசரமாகக் குறைத்தால் மட்டும் மறுபடி எட்டிப்பார்க்கும். 'அக்வாபோரின்' ஆன்டிபாடி என்றால் போகும்போது பார்வையில் ஒரு பங்கைக் கையோடு கொண்டுபோய்விடும். இரண்டும் இல்லாமல் மொட்டைக் கடிதம் போல வருவது மூன்றாவது வகை. எனக்கு மாக். அடி வாங்கியதிலும் அதிர்ஷ்டக்காரன்!

ஆஸ்பத்திரி பெஞ்சில் பழக்கமான கீர்த்தி அக்காவுக்கு அக்வாபோரின். ஹிஞ்சேவாடியில் ஐ.டி. வேலை. "பார்வை திரும்புறதுல உங்களது வெயிட்டிங் லிஸ்ட், எனது கன்ஃபர்ம் டிக்கெட்" என்றேன். "அந்த ஆன்டிபாடி உன் வாயைப் புடிச்சிருக்கலாம்டா" என்றார்.

நேற்று மறுபரிசோதனை. எழுத்துப் பலகையின் கடைசி வரி தெரிந்தால் மாத்திரையைக் குறைக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கண் பரிசோதிக்கும் ஷீலா மேடம் வலது கண்ணை மூடச் சொன்னதும், மேல் வரிகளில் நேரத்தை வீணாக்குவானேன் என்று நேரே கடைசி வரிக்குப் போய், "டி, எஃப், பி, ஓ, இ, சி" என்று மூச்சுவிடாமல் முழங்கினேன். அவர் ஓடிப்போய் டாக்டரையே அழைத்து வந்தார். டாக்டர் இன்னொரு தடவை சொல்லச் சொல்லி ரசித்தார். அம்மாவின் கண்கள் கலங்கின. வெளியே இருந்த கீர்த்தி அக்காவே எழுந்து வந்துவிட்டார்.

இக்கடிதத்தையும் வலது கண்ணைப் பொத்திக்கொண்டே எழுதுகிறேன் என்பதைக் கவனிக்கவும். ஆகவே பயணத்தைக் கைவிடவும். அத்தைக்கு வணக்கம். என் வயதுக்கு மனிதர்களை ஆசீர்வதிக்க முடியாது. கடையிலுள்ள மோட்டார்கள் நீடூழி ஓடட்டும்.

இப்படிக்கு,
பார்வை மீண்ட பெருமகன்
ஷ்ரேயஸ்

பி.கு.: மேலே எழுதியதைக் கிழிக்கலாம் என்றுதான் நினைத்தேன், கையெழுத்து நன்றாக வந்துவிட்டது, மனசு வரவில்லை. அந்த வரியை, வெளியே காத்திருந்த நேரத்தில் கதவிடுக்கு வழியே வலது கண்ணால் மனப்பாடம் செய்துவைத்திருந்தேன். நான் உள்ளே போவதற்குள், எனக்கு முன்னால் போன ஒரு பாட்டிக்காக ஷீலா மேடம் பலகையை மாற்றிவிட்டார். "அரே பாளா, ஹா தக்தா மராட்டீத் ஆஹே!" என்றார். அந்தப் பலகையில் மருந்துக்குக்கூட ஒரு இங்கிலீஷ் எழுத்து இல்லை மாமா, அத்தனையும் மராட்டி. டாக்டர் ரசிக்கவில்லை, கத்தினார். நான் சொன்னதை நம்பி மாத்திரையைக் குறைத்திருந்தால் வீக்கம் மறுபடி வந்திருக்குமாம். கன்னத்துக்காகக் கண்ணை விற்கப் பார்த்திருக்கிறேன்.

கீர்த்தி அக்கா எழுந்து வந்தது இதைக் கேட்கத்தான்: "எனக்குப் போனது போனதுதான்னு சொல்லிட்டாங்க. நானே தெரியலைன்னா தெரியலைன்னுதான் சொல்றேன். உனக்குத் திரும்ப வரும்டா லூசு, அதுக்குள்ள என்ன அவசரம்?"

நிஜமாகத் தெரிந்தது மேல் மூன்று வரி. போன தடவை ஒன்றுதான் தெரிந்தது. வலது கண்ணையும் இப்போது பொத்தவில்லை. நான் பார்க்கவில்லை என்று நினைத்து அம்மா தினமும் சமையலறையில் அழுகிறாள். அதைப் பார்க்க ஒரு கண் போதும்.

டிக்கெட்டை ரத்து செய்யாதீங்க மாமா. வரும்போது சிப்ஸ் மட்டும் வாங்கிவர வேண்டாம், எனக்கு உப்பு ஆகாதாம். குறட்டை பரவாயில்லை.