மாமனார் தொட்டியில் மண்

மீன்தொட்டியில் ஒரு செடி மஞ்சளாகிக் கொண்டிருந்தது. அது பிழைதிருத்துநரின் கண்ணில் பட்டதுதான் வினை.

அச்சகத்தில் பிழை திருத்துவது அவர் பிழைப்பு. வருஷக்கணக்கில் ஊரார் எழுத்தைத் திருத்தித் திருத்தி, எதைப் பார்த்தாலும் கை துறுதுறுக்கும். நன்றாக ஓடிக்கொண்டிருந்த சுவர்க்கடிகாரத்தைப் போன வருஷம் திருத்தினார். அதன்பின் அது ஓடவில்லை.

தொட்டி அவருடையது அல்ல. மேல்மாடியில் குடியிருக்கும் மாமனாருடையது. தீயணைப்பு வண்டி ஓட்டி ஓய்வு பெற்ற அப்பாவுக்கு, பிழைதிருத்துநரின் மனைவி ஆசையாக வாங்கிக் கொடுத்த பரிசு. மாமனார் வீட்டுக் கூடத்துச் சுவரில் பாதியை அது அடைத்துக்கொண்டிருந்தது. மூத்த மகளின் பிரசவத்துக்காக மாமியாரோடு வெளியூர் கிளம்பியபோது மாமனார் சாவியை மருமகன் கையில் வைத்து, "இனிமே நீங்களாச்சு, தொட்டியாச்சு மாப்பிள்ளை" என்றார். கல்யாணமான நாளிலிருந்து இவரை நம்பி ஒரு குடையைக்கூடக் கொடுக்காத மனிதர். பிழைதிருத்துநருக்கு நெஞ்சு விம்மிவிட்டது.

அப்படிப்பட்ட தொட்டியில் செடி வாடினால் சும்மா இருக்க முடியுமா? மீன் கடைக்காரரிடம் ஓடினார்.

வெறும் கூழாங்கல்லில் செடிக்குச் சத்து ஏது, அடியில் மண் வேண்டும் என்றார் கடைக்காரர். தோட்டத்து மண்ணை அப்படியே கொட்டினால் தண்ணீர் நாறிப்போகும். மண்ணை ஊறவைத்து, மிதக்கிற குப்பையை அள்ளியெறிந்து, வெயிலில் காயவைக்க வேண்டும். மறுபடி நனைத்து மறுபடி காயவைக்க வேண்டும். இலையும் வேரும் மக்கித் தீர்ந்து தாதுச்சத்து மட்டும் மிஞ்சும்வரை இதே வேலை. பிறகு சலித்து, மெல்லிசாகப் பரப்பி, மேலே கூழாங்கல்லால் மூட வேண்டும்.

"அவசரப்படாதீங்க சார். மண்ணுல வாடை போகணும். அதுக்கு முன்னாடி போட்டா நான் பொறுப்பில்லை."

மனைவியின் ரோஜாத் தொட்டிகளில் மண் தயாராக இருந்தது. அவள் வேலைக்குப் போயிருந்தது இன்னும் வசதி. ரோஜாக்களை ஒரு வாளிக்கு மாற்றிவிட்டு, மண்ணைத் துணி ஊறவைக்கும் டப்பில் ஊறப்போட்டு, மொட்டைமாடியில் பரப்பினார். பிற்பகலில் மழை கொட்டியது. பரப்பிய மண் முழுக்க மழைநீர்க் குழாய்க்குள் இறங்கி அடைத்துக்கொள்ள, மொட்டைமாடி குளமானது. குழாய்க்காரர் வந்து ஒரு கம்பியை விட்டுக் குடைந்தார். எல்லாச் சேறும் கீழ்வீட்டு வாசலில் போய்ச் சேர்ந்தது.

கீழ்வீட்டு அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, மீந்த மண்ணை வீட்டுக்குள் கொண்டுவந்தார். கூடத்தில் அச்சுத்தாள்களை விரித்து மண்ணைப் பரப்பி மின்விசிறியை முழு வேகத்தில் வைத்தார். மண் காய்ந்தது. காய்ந்த மண் சோபா, திரைச்சீலை, மடித்துவைத்த துணி என்று ஓரிடம் விடாமல் பறந்து போய் உட்கார்ந்தது. அடியில் விரித்தவை மறுநாள் அச்சுக்குப் போகவேண்டிய தாள்கள் என்பது அச்சக முதலாளி தொலைபேசியில் கேட்டபோதுதான் நினைவுக்கு வந்தது.

சாயங்காலம் வந்த மனைவி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"இது நம்ம வீடுதானே?"

"மண்ணு பக்குவமாகுதும்மா."

"மண்ணு ஆகட்டும். நீங்க எப்ப ஆவீங்க?"

இதற்குமேல் தாமதித்தால் குடும்பம் நிலைக்காது என்று தோன்றியதால், வாடை கொஞ்சம் மிச்சமிருந்தும் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே காரியத்தை முடிக்கத் துணிந்தார். மாவு சலிக்கும் சல்லடையில் மண்ணைச் சலித்தார். மீன்களைப் பிடித்துத் துணி டப்பில் விட்டார். மண்ணைப் பரப்பி, கூழாங்கல்லால் மூடி, செடிகளை நட்டு, ஒரு வாளித் தண்ணீரை மேலிருந்து கவிழ்த்தார்.

தொட்டி முழுக்கப் பால் கலக்காத டீயாகிவிட்டது. இறைத்துவிட்டு வேறு தண்ணீர் ஊற்றினார். இன்னும் கெட்டியான டீ. மறுபடி இறைத்தார். செடிகள் பிடுங்கிக்கொண்டு மிதந்தன. துவைக்காத துணி மலையாகக் குவிய, மீன்கள் டப்பிலிருந்து வேடிக்கை பார்த்தன.

அந்த நேரம் பார்த்து மாமனார் அழைத்தார். வாரம் தவறாமல் அழைப்பார். பிறந்த பேத்தியைப் பற்றி ஒரு வார்த்தை, தொட்டியைப் பற்றி ஒன்பது வார்த்தை.

"மீனெல்லாம் எப்படி இருக்கு மாப்பிள்ளை? உள்ளதைச் சொல்லுங்க. ஏதாவது ஆகியிருந்தாலும் நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன்."

"அமோகமா இருக்கு மாமா."

"அப்படியா" என்று சுரத்தில்லாமல் சொல்லி மாமனார் வைத்துவிட்டார். இவ்வளவு பெரிய மனசுக்காரரிடம் பொய் சொல்லிவிட்டோமே என்று பிழைதிருத்துநர் தன்னையே நொந்துகொண்டார். தலைகீழாக நின்றாவது தொட்டியைக் காப்பாற்றுவது என்று அப்போதே முடிவு கட்டினார்.

கடைசியில் வழி காட்டியவள் மனைவிதான். தொட்டிக்குள் ஒரு தட்டைக் கவிழ்த்துவைத்து, அதன்மேல் குவளையால் மெல்ல மெல்ல ஊற்றினாள். மண் அசையவில்லை. தண்ணீர் கண்ணாடியாக நின்றது. வாடை மிச்சமிருந்த பாவத்துக்கு அவர் தினமும் வேலை முடிந்து வந்து பாதித் தண்ணீரை மாற்றினார், இடுப்பு கழன்றுபோனது. தண்ணீர் தேறியதாகக் கடைக்காரர் சொன்ன பிறகே மீன்கள் டப்பிலிருந்து வீடு திரும்பின, துணிகளுக்கும் விடிவு வந்தது.

பிறகு செடிகள் எடுத்த எடுப்பைச் சொல்லி மாளாது. மஞ்சள் எல்லாம் பச்சையானது. வெட்ட வெட்டத் தழைத்தது. செடிகளுக்கு நடுவே புள்ளி புள்ளியாக மீன் குஞ்சுகள் தெரிந்தன. கடைக்காரரே நேரில் வந்து பார்த்து, தன் கடையில்கூட இப்படி ஒரு தொட்டி இல்லை என்றார். பிழைதிருத்துநர் திருத்திய ஒன்று வாழ்நாளில் முதன்முறையாகத் திருந்தியிருந்தது.

மாமனாரும் மாமியாரும் ஊரிலிருந்து வந்து இறங்கினார்கள். மாமனார் பையைக்கூடக் கீழே வைக்காமல் நேராகக் கூடத்துக்குப் போனார். பிழைதிருத்துநர் விளக்கைப் போட்டார். தொட்டி மரகதமாக ஜொலித்தது.

மாமனார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுப் பார்த்தார். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"குஞ்சு வேற போட்டிருக்கா?"

"ஆமா மாமா. இனிமே இன்னும் பெரிய தொட்டி வேணும்னு கடைக்காரர் சொல்றாரு. உங்க பொண்ணு அதுக்கு ஏற்கெனவே சொல்லிவச்சுட்டா. அடுத்த வாரம் வருது."

மாமனார் எழுந்து அறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டார்.

ஆனந்தத்தில் வாயடைத்துப் போய்விட்டாரோ, இல்லை சொல்லாமல் மண்ணைப் போட்டதில் கோபமோ என்று புரியாமல், பிழைதிருத்துநர் மாமியாரைப் பார்த்தார்.

மாமியார் பெருமூச்சு விட்டபடி பையிலிருந்து துணிகளை எடுத்து அடுக்கத் தொடங்கினார். "பொண்ணு ஆசையா வாங்கிக் கொடுத்ததை வேண்டாம்னு அவரு வாயால எப்படிச் சொல்லுவாரு? உங்க கையில விட்டா எப்படியும் ஒழிஞ்சிரும்னு நம்பித்தானே மாப்பிள்ளை, சாவியைக் கொடுத்துட்டு வந்தாரு."