கொடியில் தொங்கிய கம்பளம்

"இந்த வருஷம் கம்பளம் அடிக்க மாட்டேன்!" என்று சமையலறையில் நின்று சபதம் போட்டேன். பனி உருகியதும் வீட்டுக் கம்பளங்களைத் துணிக்கொடியில் போட்டு அடித்துத் தூசி தட்டுவது, எங்கள் அயோவா மாநிலத்தில் கணவன்மார்களுக்கென்றே விதித்த தண்டனை. பதினோரு வருஷம் தும்மியாகிவிட்டது.

"ஏன், கை தேய்ஞ்சு போச்சா?" என்றாள் என் மனைவி மாவிஸ்.

"சனிக்கிழமை பேஸ்பால் டீமுக்கு ஆள் எடுக்கிறாங்க. டெல்லாவைத் தயார் பண்ணணும். பொண்ணு முக்கியமா, தூசி முக்கியமா?"

"பொண்ணுதான்."

உடனே ஒப்புக்கொண்டாள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

கொல்லையில் இறங்கினேன். பந்தை நிறுத்தி அடித்துப் பழக, பலகையில் ஒரு இரும்புக் குழாயை நட்டு, அதன் தலையில் பழைய காரின் ரப்பர் குழாயைச் செருகினேன். உச்சியில் பந்து சிம்மாசனம் போட்டு உட்கார்ந்தது. ஒன்பது வயது டெல்லா மட்டையை வீசினாள். பந்து பக்கத்து வீட்டு ஹாரியட்டின் ஜன்னலுக்கு ஒரு சாண் தள்ளிப் போய் விழுந்தது.

"தடுப்பு வேணும், ஆர்லோ. கனமா, தொங்குற மாதிரி ஏதாவது..." என்றாள் மாவிஸ்.

"ஹால் கம்பளம்?" கேட்டது நானேதான்!

"என் கம்பளமா? ஐயோ, வேண்டவே வேண்டாம்!"

கெஞ்சினேன். அரை மனசாகச் சம்மதித்தாள். அவளை ஜெயித்த பெருமையில் விசிலடித்துக்கொண்டே கம்பளத்தைக் கொடியில் போட்டேன்.

டெல்லா அடித்தாள். பந்து கம்பளத்தில் மோதிப் புழுதி கிளம்பியது. பந்து பொறுக்கிய நான் தும்மினேன்.

"ஒரே இடத்துல அடிக்கிறாளே! ஓரத்துலயும் அடிச்சாத்தானே கை பழகும்?" என்றாள் மாவிஸ்.

நியாயம்தானே! மறுநாள், "அந்தச் சிவப்புக்கு முன்னால பந்து சரியாத் தெரியல," என்று படுக்கையறைக் கம்பளத்தை அவளே கொண்டுவந்தாள். அதற்கடுத்த நாள் சாப்பாட்டு அறைக் கம்பளம். என்ன ஒரு தாய் என்று உருகிப்போனேன்.

சனிக்கிழமை டெல்லா டீமில் சேர்ந்துவிட்டாள். மைதானத்திலேயே அழுதுவிட்டேன். வீடு திரும்பினால், மூன்று கம்பளமும் பளிச்சென்று தரையில் விரிந்து கிடந்தன. அப்போதுதான் மண்டையில் ஏறியது. இருந்தாலும் கோபம் வரவில்லை. பெண் ஜெயித்தாள், தூசியும் போயிற்று, நான் கம்பளத்தை ஒரு அடிகூட அடிக்கவில்லை. சபதம் சபதம்தான்!

வாசல் மணி அடித்தது. ஹாரியட். தோளில் இரண்டு கம்பளச் சுருள்.

"டெல்லா இனிமே மைதானத்துக்குப் போயிடுவாளாம். அதனால நீயே அடிச்சுத் தர்றேன்னு ஆசையா சொன்னியாமே, ஆர்லோ? மாவிஸ் சொன்னா."