முப்பத்தாறு சதுர கிலோமீட்டர்

அஞ்சு நாள் லீவு! பதினோரு வருஷ சர்வேயர் உத்தியோகத்தில் சேர்ந்தாற்போல் அஞ்சு நாள் எனக்குக் கிடைத்ததே இல்லை. அந்த அஞ்சு நாளும் டிவிக்கு முன்னால் இருக்கும் நாற்காலியை விட்டு எழுந்திருப்பதில்லை என்று சபதம் எடுத்தேன். காரணம், புதிதாக வாங்கிய வீடியோ கேம். அதன் மேப் முப்பத்தாறு சதுர கிலோமீட்டர்! அளப்பதே பிழைப்பாக இருப்பவன் நான். அந்த எண்ணைப் பார்த்ததும் உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது.

மனைவியோ நாலு டப்பா பெயிண்ட் வாங்கி வைத்திருந்தாள்.

"சுவரெல்லாம் உரிஞ்சு கொட்டுது. லீவுல அடிச்சிடுங்க."

"அய்யோ, இது சாண்ட்பாக்ஸ் கேம்மா! மணல்பெட்டி மாதிரி. இதைத்தான் செய்யணும்னு ஒரு கட்டாயமும் கிடையாது."

"கட்டாயமே இல்லாததுக்கா அஞ்சு நாள் லீவு?"

"மேப் எவ்ளோ பெருசு தெரியுமா?"

"பெருசா இருந்தா சாண்ட்பாக்ஸா?"

"பின்னே?"

"அப்போ காலி மைதானம்கூட சாண்ட்பாக்ஸ்தான்."

சுருக்கென்றது. உடனே பந்தயம் கட்டினேன்.

"ஆளுக்கு ஒரு புது மேப். ஆளுக்கு ரெண்டு மணி நேரம். எது நல்ல சாண்ட்பாக்ஸ்னு மாடி வீட்டுப் பல் டாக்டரம்மா சொல்லட்டும். நான் ஜெயிச்சா லீவு எனக்கு. நீ ஜெயிச்சா பெயிண்ட் அடிக்கறேன்."

"சரிங்க" என்றாள். இவ்வளவு சுலபமாக அவள் சரி சொல்லும்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

ஆட்டம் தொடங்கும்போது மேப் என்ன அளவு வேண்டும் என்று கேட்கும். நான் இருப்பதிலேயே பெரியதை எடுத்தேன். அவள் இருப்பதிலேயே சின்னதை எடுத்தாள். பாவம், விவரம் தெரியாதவள் என்று உள்ளுக்குள் துள்ளிக் குதித்தேன்.

முதல் ரெண்டு மணி நேரம் என்னுடையது. குதிரையில் ஏறினேன். எல்லையை ஒட்டியே விரட்டினேன். அரை கிலோமீட்டருக்கு ஒரு கல் நட்டேன். மலை வந்தது, நிற்கவில்லை. குகை வந்தது, எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மொத்தம் நாற்பத்தெட்டு கல்! சுற்றி வந்து முதல் கல்லைத் தொட்டபோது எழுந்து நின்று எனக்கு நானே கைதட்டிக்கொண்டேன்.

அடுத்த ரெண்டு மணி நேரம் அவளுக்கு. ஜெயித்த களைப்பில் நான் தூங்கிவிட்டேன்.

சாயங்காலம் டாக்டரம்மா வந்தார். என் மேப்பை விரித்துக் காட்டினேன்.

"அடேங்கப்பா! இதுல என்ன சார் செய்யலாம்?"

"சுத்தி வரலாம்."

"அப்புறம்?"

"எதிர்ப்பக்கமா சுத்தி வரலாம்."

வாயைத் திறக்கச் சொல்லி எத்தனையோ சொத்தைப் பற்களைப் பார்த்தவர், என்னை அப்படித்தான் பார்த்தார். அப்புறம் மனைவியின் மேப் வந்தது. எனக்கு மூச்சே நின்றுவிட்டது! ஓடையை வெட்டித் திருப்பி வீட்டுக்கு நடுவே விட்டிருந்தாள். தண்ணீர் சக்கரத்தைச் சுற்ற, சக்கரம் கதவைத் திறந்தது. மரத்துக்கு மரம் பாலம். அதில் வரிசையாக ஆடுகள்.

டாக்டரம்மா நாற்காலி நுனிக்கே வந்துவிட்டார். "ஆட்டை மாடியில ஏத்த முடியுமா?"

"படி கட்டினா ஏறும்க்கா. நீங்களே கட்டுங்க!"

"மேப் தம்மாத்துண்டு!" என்று கத்தினேன்.

"குழந்தைங்க மணலை அளந்து பாத்தா விளையாடுதுங்க?" என்றாள் மனைவி. "கைவச்சா மாறணும். அதாங்க சாண்ட்பாக்ஸ்."

டாக்டரம்மாவுக்குத் தீர்ப்புச் சொல்லக்கூட நேரமில்லை. படி கட்டிக்கொண்டிருந்தார்.

அஞ்சு நாளும் பெயிண்ட் அடித்தேன். முதுகு போச்சு. மூக்கு நுனிவரை பச்சை. ஹாலில் இரண்டு பேரும் "அய்யோ, எரிமலை! தண்ணிய விடுங்கக்கா!" என்று கூச்சல் போட்டு விளையாடினார்கள். பிரஷும் கையுமாக நான் ஏங்கிய ஏக்கம் எதிரிக்கும் வரக்கூடாது.

அஞ்சாம் நாள் சாயங்காலம் கடைசிச் சுவரையும் முடித்துவிட்டு ஓடி வந்தேன்.

"அரை மணி நேரம்மா! உன் மேப்லயே விளையாடிக்கறேன். நாளைக்கு ஆபீஸ்!"

மனைவிக்கு இரக்கம் வந்துவிட்டது. "பாவம், உழைச்ச மனுஷன்" என்று ஒரு கன்ட்ரோலரை நீட்டினாள். சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. உள்ளே நுழைந்தேன். அவள் கட்டிய நாலு மாடி மாளிகை வெறும் கல்லாக எழும்பி நின்றது. வாசலில் டாக்டரம்மாவின் பொம்மை ஓடி வந்து என் பொம்மையின் கையில் எதையோ திணித்தது.

பிரஷ்.

"கீழ்த்தளத்துலேர்ந்து ஆரம்பிங்க" என்றாள் மனைவி.