கவர் கழற்றாத கேமரா

ஓட்டுநர் உரிமம் வழங்கும் அலுவலகத்துக்குப் புது டிஜிட்டல் கேமரா வந்த நாள் முதல், அங்கே எடுத்த முகங்கள் எல்லாம் மங்கலாகவே வந்தன. உரிமத்தில் இருப்பது ஆணா பெண்ணா என்பதே உத்தேசமாகத்தான் தெரிந்தது.

இதில் ஆழ்ந்த கவலை கொண்ட கண்காணிப்பாளர் மங்கல் தடுப்பு நடவடிக்கைகளை முடுக்கிவிட்டார். மனுதாரர் அசைவதே காரணம் எனக் கண்டறியப்பட்டு, அசையத் தடை விதிக்கப்பட்டது. பிறகு மூச்சு விடவும் தடை வந்தது. மின்விசிறியை நிறுத்தினார்கள். அப்புறமும் சரிவராததால், மனுதாரரின் தலையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொள்ள ஒரு பியூன் நியமிக்கப்பட்டார். அதன்பின் எல்லார் காதோரமும் விரல்கள் தெரிந்தன. அவையும் மங்கல்தான்.

வேலையில்லாமல் மனைவியின் சம்பளத்தில் காலம் தள்ளிக்கொண்டிருந்த வேன் டிரைவர் ஒருவர் அங்கே வந்து மாட்டினார். பார்சல் கம்பெனியில் வேலை தயார். "மூஞ்சி தெரியற லைசென்ஸோட திங்கக்கிழமை வாங்க. இல்லேன்னா வேற ஆளைப் போட்டுடுவேன்" என்று மேனேஜர் சொல்லியிருந்தார்.

தலையைப் பியூன் பிடித்திருக்க, டிரைவர் கண்களை மட்டும் உயர்த்திப் பார்த்தார்.

"சார், கேமரா பிளாஸ்டிக் கவருக்குள்ளயே இருக்கே?"

"ஆமா, புதுசு" என்றார் படம் எடுக்கும் எழுத்தர்.

"கழட்டிட்டு எடுத்தா தெளிவா வருமே?"

"வரும். உள்ள தூசி போயிடுச்சுன்னா நீங்களா வந்து பதில் சொல்வீங்க?"

கண்காணிப்பாளர் எழுந்து வந்தார். "தம்பி, வந்தபடியே ஒப்படைக்கணும்னு உத்தரவு. முன்னாடி இருந்த கேமராவைக் கவரைக் கழட்டித்தான் பாழாக்கினாங்க. வெறும் பத்து வருஷம்தான் உழைச்சுது."

"படம் தெரியலையே சார்!"

"கேமரா நல்லா இருக்கில்ல?"

சிரிக்க வேண்டாம். உங்கள் வீட்டு டிவி ரிமோட் எந்தக் கோலத்தில் இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டு மேலே படிக்கவும்.

அன்றிரவு ஓர் எலி அந்தக் கவரைக் கடித்தது. லென்ஸுக்கு நேராக வட்டமாக ஓட்டை. எலி ஊழியர் அல்ல என்பதால் விளக்கம் கேட்க வழியில்லை. புதுக் கவர் வரும்வரை வேலை நிற்கக் கூடாது என்று முடிவானது. மறுநாள் வரிசையில் முதலில் நின்றவர் நம் டிரைவர்.

மீசையில் ஒவ்வொரு மயிரும் தெரிந்தது. கன்னத்து மச்சம் தெரிந்தது. உரிமத்தைக் கையில் வாங்கியதும் அவருக்கு அழுகையே வந்துவிட்டது. அவருக்குப் பின்னால் நின்றவர் உட்காருவதற்குள் புதுக் கவர் வந்துவிட்டது. இது முன்னதைவிடத் தடிமன்.

திங்கட்கிழமை மேனேஜர் உரிமத்தை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டும் பார்த்தார்.

"மூஞ்சியே தெரியலையேங்க."

"தெளிவா இருக்கு சார். மேல ரெண்டு கவர் போட்டிருக்கேன், அவ்வளவுதான். சுத்தி டேப்பும் ஒட்டியிருக்கு."

"அதைப் பிரிச்சுக் காட்டுங்க."

டிரைவர் பதறிப்போய் உரிமத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "பிரிச்சா அழுக்காயிடும் சார். இதை வாங்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்."

மேனேஜர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வீட்டு வாசலிலேயே மனைவி காத்திருந்தாள். "வேலை என்னங்க ஆச்சு?"

"வேற ஆளைப் போட்டுட்டாங்க."

"ஐயையோ!" என்றவள் அவர் சட்டைப் பையைப் பார்த்தாள். "லைசென்ஸ்?"

"பத்திரமா இருக்கு. ஒரு கீறல் இல்லை."

"அது போதும்" என்றாள்.