சின்னக் காரும் மூன்று கொட்டேஷனும்

அரசாங்கம் எதை வாங்குவதானாலும் மூன்று கொட்டேஷன் வாங்க வேண்டும். மூன்றில் எது குறைச்சலோ அதைத்தான் எடுக்க வேண்டும். குண்டூசியிலிருந்து கொதிகலன் வரைக்கும் இதுதான் விதி. இந்த விதியால் தேசத்துக்கு எவ்வளவு மிச்சமாயிற்று என்று இதுவரை யாரும் கணக்குப் பார்த்ததில்லை. கணக்குப் பார்க்க ஆள் வைப்பதற்கும் மூன்று கொட்டேஷன் வேண்டும், இரண்டுதான் வந்திருக்கிறதாம்.

எங்கள் பல்வகை விவகாரத் துறையில் செக்‌ஷன் ஆபீசராக இருக்கும் சிவஞானம் இந்த விதியை ஆபீசிலேயே விட்டுவிட்டு வருகிற ஆள் இல்லை. பாளையங்கோட்டைக்காரர். டில்லி ஆர்.கே.புரத்தில் என் வீட்டுக்கு நேர் மேல் வீடு. ஞாயிற்றுக்கிழமை ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போனால் முருங்கைக்காய்க்கு மூன்று கடையில் விலை கேட்பார். உள்ளங்கையில் பேனாவால் குறித்துக்கொள்வார். யோசித்துவிட்டு முதல் கடைக்குத் திரும்பினால் அங்கே காய் தீர்ந்திருக்கும். வெறும் பையோடு வீடு திரும்புவார். முகத்தில் மட்டும் விதி மீறப்படவில்லை என்கிற நிறைவு இருக்கும். நானும் அதே துறைதான். ஆனால் அந்த அளவுக்கு முற்றவில்லை என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவருக்கு அம்சவேணி என்று ஒரு மனைவி, வள்ளி, பொன்னி என்று இரண்டு பெண்கள், ஒரு ஸ்கூட்டர். நான்கு பேரும் அதில்தான் போக வேண்டும். சின்னவள் பொன்னி அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் நசுங்கிக்கொண்டு வருவாள். பெரியவள் வள்ளி முன்னால் நிற்பாள். வள்ளி வளர வளர அப்பாவுக்குச் சாலை தெரியாமல் போயிற்று. சிக்னல் வந்தால் "குனி" என்பார், அவள் குனிவாள். ஜனவரி மாதத்து மூடுபனியில் ஒரு நாள் குனியச் சொல்ல மறந்துவிட்டார். மோதிபாக் திருப்பத்தில் ஸ்கூட்டர் சரிந்து, அம்சவேணிக்குக் கணுக்கால் பிசகிவிட்டது.

கட்டுப் போட்ட காலைச் சோபாவில் நீட்டிக்கொண்டு அவள் சொன்னாள்: "அடுத்த பனிக்குள்ள கார் வந்தாகணும். இல்லைன்னா நானும் பிள்ளைகளும் வீட்டை விட்டு எங்கயும் வாரதா இல்ல."

அந்த வருஷங்களில் டில்லி முழுக்க ஒரே பேச்சு, புதிதாக வந்திருந்த சின்னக் கார்தான். பின்பக்கமும் ஒரு கதவு உண்டு. அதைத் தூக்கினால் அரிசி மூட்டை, அடுப்பு, விருந்தாளியின் பெட்டி எல்லாம் உள்ளே போய்விடும். சிவஞானமும் நானும் என்றைக்கோ பெயர் கொடுத்து வைத்திருந்தோம். அவருடைய அதிர்ஷ்டம், அக்டோபரில் ஒதுக்கீட்டுக் கடிதம் வந்தது. மாதக் கடைசிக்குள் மீதிப் பணம் கட்ட வேண்டும். தவறினால் கார் அடுத்தவருக்குப் போய்விடும்.

மேல் வீட்டில் ஒரே கொண்டாட்டம். தேர்ந்தெடுக்க வேண்டியது நிறம் மட்டும்தான்.

"பப்பா, லால் ரங்குதான் அச்சா இருக்கும்," என்றாள் வள்ளி.

"சிவப்புன்னா மாடு முட்டும்டி. வெள்ளைதான் நல்லது," என்றாள் அம்சவேணி. டில்லி ரோட்டில் மாடுகளும் உண்டு என்பதால் இந்த வாதம் எடுபட்டது. வெள்ளை என்று முடிவாயிற்று. அம்சவேணி அன்று மாலையே ஐ.என்.ஏ. போய், காரின் முன்பக்கம் ஒட்டி வைக்கிற சின்னப் பிள்ளையார் ஒன்றை வாங்கி வந்துவிட்டாள். எந்தக் கொட்டேஷனும் இல்லாமல், முதல் கடையிலேயே.

கையிருப்பு போக மீதிக்கு ஆபீசில் வாகன முன்பணம் கேட்டு எழுதினார் சிவஞானம். அண்டர் செக்ரட்டரி கல்யாணராமன் கூப்பிட்டு அனுப்பினார். நானும் கூடப் போனேன்.

"பேஷா வாங்கிக்கோங்கோ. யார் வேண்டாம்னா? மத்த ரெண்டு கொட்டேஷன் எங்கே?"

"சார், பின்கதவு வச்ச சின்னக் கார் நாட்டுலயே ஒண்ணுதான் இருக்கு."

"அது நாட்டோட கஷ்டம். ஃபைலுக்கு மூணு வேணும்."

"பெரிய கார் ரெண்டு இருக்கு. அதுக்கு வாங்கி வச்சிரட்டுமா?"

"அது உங்க முன்பண வரம்பைத் தாண்டிடும், ஆடிட்காரன் பிடிச்சுப்பான். வரம்புக்குள்ளே, நாலு பேர் உக்கார்றாப்பல, பின்னால வழி இருக்கிற வண்டி எதுவானாலும் சரி. சும்மா எண்ணிக்கைக்குத்தானே, சிவஞானம்?"

எண்ணிக்கைக்கு என்பது எங்கள் ஆபீசில் பழகிப்போன காரியம். வாங்கப் போவது ஒன்று. மற்ற இரண்டும் அதற்குத் துணைக்கு வந்து நின்று தோற்றுப்போக வேண்டியவை. ஆகவே சிவஞானம் கரோல் பாக்கில் ஓர் ஆட்டோ ரிக்‌ஷாவுக்குக் கொட்டேஷன் வாங்கினார். மூன்றாவது எங்கும் கிடைக்காமல், பழைய டில்லி ஸ்டேஷன் வாசலில் நின்ற ஒரு குதிரை வண்டிக்காரரைப் பிடித்தார்.

"கோடா பீ?" என்று கேட்டாராம் கிழவர். குதிரையும் சேர்த்தா என்று அர்த்தம். ஆமாம் என்றதும், பாபுவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பரிதாபப்பட்டு, வாய்க்கு வந்த விலையைச் சொல்லிக் கைநாட்டும் வைத்துக் கொடுத்தார்.

மூன்றும் வந்தன. ஒப்பீட்டுப் பட்டியல் தயாராயிற்று. கல்யாணராமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"குதிரைதானே கம்மியா வந்திருக்கு."

"சார், அது எண்ணிக்கைக்கு வச்சது."

"அப்படின்னு எழுதித் தர்றேளா?"

அப்படி எழுதித் தந்துவிட்டுப் பென்ஷன் வாங்கின ஆள் எங்கள் துறையில் கிடையாது. குறைந்த விலையைத் தள்ள ஒரே ஒரு வழிதான் உண்டு: தொழில்நுட்பக் குழு பார்த்து, தகுதியில்லை என்று சொல்ல வேண்டும். மூன்று பேர் கொண்ட குழு அமைக்கப்பட்டது. அதில் நானும் ஒருவன். மேல் வீட்டுக்காரரைக் காப்பாற்றிவிடலாம் என்றுதான் போனேன்.

ஆபீஸ் வாசலுக்கு வண்டி வரவழைக்கப்பட்டது. குழு அதைச் சுற்றி வந்தது. நான்கு பேர் உட்கார இடம் உண்டா? உண்டு. பின்பக்கம் வழி உண்டா? அதில் பின்பக்கம்தான் வழியே. பெட்ரோல்? தேவையில்லை, அந்நியச் செலாவணி மிச்சம். நிறம்? வெள்ளை, குடும்பத்தார் கேட்டபடியே. உதிரி பாகம்? நான்கு கால்களும் சரியாக இருந்தன. என்ன குறை சொல்வதென்று நான் குதிரையைப் பார்த்தேன். அது என்னைப் பார்த்தது. மற்ற இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். தனியாக நின்று வம்பில் மாட்டுவானேன் என்று நானும் போட்டேன்.

ஆணை வந்தது. "திரு. சிவஞானம் அவர்கள் தமது குடும்ப உபயோகத்தின் பொருட்டு, பின்வழி அமைந்த வெள்ளை நிற வாகனம் ஒன்றை, அதனுடன் இணைந்த குதிரை சகிதம், கொள்முதல் செய்து கொள்ள இதன் மூலம் அனுமதி அளிக்கப்படுகிறது." கார் வாங்க அனுமதி இல்லை என்று அதில் எங்கும் இல்லை. ஆனால் முன்பணம் குதிரைக்குத்தான். மாதக் கடைசி வந்தது, போனது. கார் அடுத்தவருக்குப் போயிற்று.

குளிர் வந்தால் இன்னும் கணுக்கால் வலிக்கிற அம்சவேணி மெல்லப் படியிறங்கி வந்து, வாங்கி வாசலில் நிறுத்தியிருந்த குதிரையைப் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தோம். அவள் மாடிக்குப் போய்ப் பிள்ளையாரை எடுத்து வந்து வண்டியின் முன்கட்டையில் வைத்து நூலால் கட்டினாள். "யாரைச் சொல்லி என்ன?" என்று மட்டும் சொன்னாள். எனக்கு அன்றைக்கு உண்மையாகவே வருத்தமாக இருந்தது. அந்தக் கையெழுத்தில் மூன்றில் ஒரு பங்கு என்னுடையது.

சிவஞானத்துக்கு லகான் பிடிபடவில்லை. திரும்புவதற்கு முன் குதிரையிடம் ஒப்புதல் எதிர்பார்ப்பவர் போலக் காத்திருப்பார். அம்சவேணிதான் கிழவரிடம் ஓட்டக் கற்றுக்கொண்டாள். முதல் மாதம் காலனியே சிரித்தது. நாங்களும் சிரித்தோம், முகத்துக்கு நேரே இல்லை.

டிசம்பரில் எங்கள் இணைச் செயலரின் மகள் கல்யாணத்துக்கு அந்த வண்டியைக் கேட்டு வாங்கினார்கள். மாப்பிள்ளை அதில் வந்து இறங்கினார். ஒரு வெளிநாட்டுத் தூதரின் மனைவி அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டாள். அவ்வளவுதான். அடுத்த வாரம் இணைச் செயலர் குதிரை வண்டிக்கு விண்ணப்பித்தார். அவருக்குக் கீழே இருந்தவர்கள் எல்லாரும் விண்ணப்பித்தார்கள். வண்டிக்காரர்கள் பெயர் பதிவு செய்து வரிசை எண் கொடுக்க ஆரம்பித்தார்கள். டில்லியில் ஒரு பொருளுக்கு வரிசை என்று ஒன்று வந்துவிட்டால் அது நல்ல பொருள் என்று அர்த்தம். இருக்கைக்குப் பிளாஸ்டிக் உறை, குதிரை நெற்றிக்கு ஜரிகைக் குஞ்சம், கழுத்தில் பாட்டு மணி என்று கன்னாட் பிளேஸில் தனிக் கடையே வந்தது.

"ஊர்ல எல்லாரும் குதிரை வச்சிருக்காங்க. நமக்கு என்ன குறைச்சல்?" என்று என் மனைவி ஜெயலட்சுமி கேட்டாள். அவள் மெட்ராஸில் இருக்கும் அக்காவுக்குப் போன் போட்டு, குதிரை வரப்போகிறது என்று சொல்லியும் வைத்துவிட்டாள்.

நான் விண்ணப்பித்தேன். குதிரை வண்டிக்கு ஒரு கொட்டேஷன், ஆட்டோ ரிக்‌ஷாவுக்கு ஒன்று. அந்தச் சமயம் பார்த்து என் பெயருக்கும் காருக்கான ஒதுக்கீடு வந்திருந்தது. சும்மா எண்ணிக்கைக்கு இருக்கட்டும் என்று அதை மூன்றாவதாக வைத்தேன்.

ஆட்டோ ரிக்‌ஷாவில் பின்வழி இல்லை என்று குழு தள்ளிவிட்டது. குதிரை வண்டி விற்ற விலையில், அதைவிடக் கார் குறைச்சலாக வந்துவிட்டது.

கல்யாணராமன் கண்ணாடியைத் துடைத்தார். "எண்ணிக்கைக்கு வச்சேன்னு எழுதித் தர்றேளா, மாணிக்கவாசகம்?"

பிப்ரவரியில் என் வீட்டு வாசலில் புத்தம் புதிய சின்னக் கார் வந்து நின்றது. சிவப்பு. ஜெயலட்சுமி அதை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுத் திரையை இழுத்து மூடினாள். என்னோடு பேசுவதையும் நிறுத்திவிட்டாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து துக்கம் விசாரிக்கிற குரலில், "பரவாயில்லை, போகப் போகப் பழகிவிடும்" என்றார்கள்.

இரண்டு நாள் கழித்து, நல்ல மூடுபனியில் குதிரை வண்டி எங்கள் வாசலில் வந்து நின்றது. லகான் அம்சவேணி கையில். பின்னால் சிவஞானமும் பெண்களும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தார்கள். அவள் இறங்கி வந்து காரைச் சுற்றிப் பார்த்தாள். பின்கதவைத் தூக்கிப் பார்த்தாள், மெதுவாக மூடினாள்.

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கட்டுமா? மாத்திக்கிடுவோமா? நீங்க குதிரையை வச்சுக்கிடுங்க, நான் காரை எடுத்துக்கிடுதேன். குதிரையையே பழக்கியாச்சு, கார் ஓட்ட எத்தனை நாளாகப் போவுது?"

திரை விலகிற்று. ஜெயலட்சுமி வாசலுக்கே வந்துவிட்டாள். இரண்டு நாளைக்குப் பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தாள். "சரின்னு சொல்லுங்க," என்றாள். அம்சவேணி அதற்குள் முன்கட்டையிலிருந்து பிள்ளையாரை அவிழ்த்துக் கையில் வைத்திருந்தாள். வள்ளியும் பொன்னியும் கம்பளியை உதறிவிட்டு இறங்கி, காருக்குள் ஏறி உட்கார்ந்தேவிட்டார்கள்.

நான் சாவியை எடுத்தேன். சத்தியமாகக் கொடுக்கத்தான் எடுத்தேன். ஆனால் கை நீள மாட்டேன் என்றது.

"அது சரி," என்றேன், "குதிரைக்குக் கார்ங்கறது ஒரு கொட்டேஷன் ஆச்சு. மத்த ரெண்டு?"

"நானும் அதைத்தான் யோசிச்சுட்டு இருந்தேன், அண்ணாச்சி," என்றார் சிவஞானம், கம்பளிக்குள்ளிருந்து.

அம்சவேணி குதிரையின் கண்ணோரத்தில் கட்டியிருந்த தோல் மறைப்பைத் தொட்டுக் காட்டினாள்.

"இதுக்கு நாம கட்டிவிட்டது. உங்களுக்கு யாரு கட்டினா?"

பெண்களைக் காரிலிருந்து இறக்கி, பிள்ளையாரை மறுபடி கட்டையில் கட்டினாள். வண்டி பனிக்குள் போய்விட்டது. மணிச் சத்தம் மட்டும் கொஞ்ச தூரம் கேட்டது.

ஆனால் நாங்கள் சும்மா இருக்கவில்லை. அன்று மாலையே நானும் சிவஞானமும் சேர்ந்து முறைப்படி ஃபைல் திறந்துவிட்டோம். குதிரை வண்டிக்கு மாற்றாகக் கார் என்று ஒரு கொட்டேஷன் வைத்திருக்கிறோம். ஆட்டோ ரிக்‌ஷா இரண்டாவது. மூன்றாவதற்கு நஜஃப்கர் பக்கம் ஒருவர் ஒட்டக வண்டி வைத்திருக்கிறார், சும்மா எண்ணிக்கைக்குத்தான். அவர் இன்னும் கைநாட்டு வைக்கவில்லை. ஆனால் அவர் வாயால் சொன்ன விலைதான் மூன்றிலும் குறைச்சல். அம்சவேணியிடம் இதை யார் சொல்வது என்று தீர்மானிக்க ஒரு குழு அமைத்திருக்கிறோம்.